மருமகன் பிடித்துக்கொண்டு வந்த படம்

சிவப்புத் துணியைக் கம்பெனிக்காரர் இழுத்ததும் பழங்குடிக் கவுன்சில் கூடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். டெல்ஃபின் கோசே தட்டவில்லை. கையில் எண்ணெய் ரொட்டி இருந்தது ஒரு காரணம். அந்தப் படத்தைப் பார்த்ததும் வாயில் இருந்த ரொட்டி உள்ளே இறங்க மறுத்தது இன்னொரு காரணம்.

படம் பெரியது. நாலடி அகலம், மூன்றடி உயரம், சுற்றிலும் பொன் பூச்சுப் பூசிய மரச்சட்டம், மேலே கண்ணாடி. நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் கிழக்குச் சீமையில் ஏதோ ஒரு வாரப் பத்திரிகையில் அச்சான படமாம். பாறைகளுக்குப் பின்னால் இருந்து துப்பாக்கி நீட்டிக்கொண்டு ஆண்கள். கீழே நீலச்சட்டைச் சிப்பாய்கள், நடுவில் பேரேட்டைப் பிடித்துக்கொண்டு குதிரைமேல் ஓர் அதிகாரி. அடியில் கொட்டை எழுத்தில் 'அரசாங்கத்தை எதிர்க்கும் அப்பாச்சிகள்' என்று போட்டிருந்தது. அதற்கும் அடியில் புதுப் பித்தளைத் தகடு ஒன்று பளபளத்தது. 'என்றும் மாறா நட்புடன்' என்று எழுதி, செம்புச் சுரங்கக் கம்பெனியின் பெயரைப் பொறித்திருந்தார்கள்.

வரைந்தவன் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டான். அத்தனை ஆண்கள் தலையிலும் இடுப்புவரை தொங்கும் இறகுக் கிரீடம். இந்த ஊர் அப்பாச்சிக்காரன் நெற்றியில் துணிப்பட்டை கட்டுவான், அவ்வளவுதான். ஒரு முழு வான்கோழியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாறை ஏற மாட்டான். ஆனாலும் இரண்டு விஷயங்களை அந்த மடையன் சரியாகப் போட்டிருந்தான். ஒன்று, ஆண்களின் கழுத்தில் தொங்கிய சின்னத் தகடு. அந்தக் காலத்தில் அரசாங்கம் ஆளுக்கொரு எண் போட்டுத் தகடு கொடுத்து, தினமும் காலையில் வரிசையில் நிற்கவைத்துத் தலை எண்ணியது. மாட்டுக்குக் காதில் குத்துவார்கள், இவர்களுக்குக் கழுத்தில் மாட்டினார்கள். எண்ண விடமாட்டோம் என்று கிளம்பி மலை ஏறியவர்கள்தான் படத்தில் இருப்பவர்கள். சரியாகப் போட்ட இன்னொன்று அந்த இடம். சாய்ந்த வெள்ளைப் பாறை, அதன் மடியில் ஊற்று, மேலே வளைந்த கருவாலி மரம். 'கருவாலிக்கு அடியில் தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது' என்பதுதான் அந்த இடத்தின் பெயரே.

ஊற்றின் ஓரத்தில், படத்தின் மூலையில், ஒரு பெண் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கியும் இல்லை, அழுகையும் இல்லை. வரைந்தவனுக்கு முகம் போடச் சோம்பலாக இருந்திருக்கும் என்று டெல்ஃபின் நினைத்துக்கொண்டாள்.

"என்ன டெல்ஃபின், ரொட்டி வேகலையா? அப்படியே வச்சிருக்கே?" பக்கத்து நாற்காலியில் இருந்த ஹார்லன் கேட்டார். எழுபது வயது, மாட்டுப் பண்ணைக்காரர், கவுன்சிலில் ஓர் உறுப்பினர். சவ அடக்கத்தில்கூடத் தொப்பியைக் கழற்றாத மனிதர்.

"ரொட்டி வெந்துருச்சு. நான்தான் வெந்துகிட்டிருக்கேன்."

"அழகாத்தானே இருக்கு படம்."

"எந்த ஊத்தை எடுத்துக்கணும்னு கேக்குறாங்களோ, அதே ஊத்தைப் படமாப் போட்டு நமக்கே பரிசு குடுக்குறாங்க. உங்களுக்குக் கொமட்டலயா?"

"எனக்கு ரோடு போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கான். நான் சரின்னுதான் கை தூக்கப் போறேன். ஒளிச்சுவைக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு ஹார்லன் அவள் தட்டில் இருந்த இரண்டாவது ரொட்டியை எடுத்துக்கொண்டார்.

விஷயம் அதுதான். அடுத்த செவ்வாய்க்கிழமை கவுன்சிலில் வாக்கெடுப்பு. ஊற்றைச் சுற்றி ஆறு ஆழ்கிணறு தோண்டி, செம்புக் கல் கழுவ நாற்பது வருஷத்துக்குத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளக் கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. ஆறு கிணறு உறிஞ்சினால் ஊற்று இரண்டு கோடைக்குத் தாங்காது. இதைச் சொல்ல டெல்ஃபினுக்குப் படிப்பு தேவையில்லை. அவள் பருவமடைந்தபோது நாலு நாள் சடங்கு ஆட்டம் ஆடியது அந்த ஊற்றங்கரையில். மகள் ஷர்லின் ஆடியதும் அங்கேதான். பேத்தி டேயாவுக்கு அடுத்த ஜூலையில் அங்கேதான் பந்தல் போடுவதாகப் பேச்சு. ஒன்பது உறுப்பினர்களில் நாலு பேர் வேண்டாம் என்றார்கள், ஹார்லனையும் சேர்த்து நாலு பேர் சரி என்றார்கள். ஒன்பதாவது ஆள் வாயைத் திறக்கவில்லை.

ஒன்பதாவது ஆளைத்தான் கம்பெனிக்காரர் ப்ரூவர் இப்போது தாழ்வாரத்திலிருந்து உள்ளே பேசக் கூப்பிட்டார். "உங்கள் வீர முன்னோர்களின் வழித்தோன்றல், திரு. கார்வின் ஆல்டாஹா!"

பெயரைக் கேட்டதும் டெல்ஃபின் தட்டை வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கார்வின் அவளுடைய மருமகன்.

மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, ஒரே அறையில் இருக்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. பகை இல்லை அது, மரியாதை. இப்போதெல்லாம் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். இந்த வீட்டில் விடவில்லை. மருமகன் வந்து குடியிருப்பது மாமியார் வீட்டு வளாகத்தில்தான், இரண்டு வீட்டுக்கும் நடுவே நாற்பதடிகூடக் கிடையாது. ஆனாலும் பத்தொன்பது வருஷமாக டெல்ஃபினுக்குத் தன் மருமகன் மூக்கு நீளமா சப்பையா என்று தெரியாது. அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். சாயங்காலம் வீட்டு வளைவில் திரும்பும்போது இரண்டு தடவை ஹாரன் அடிப்பாள், அவன் பின்வாசல் வழியாகக் கொட்டகைக்குப் போய்விடுவான். தேர்தலில் நின்றபோது சுவரொட்டியில் எல்லாம் அவன் படம் ஒட்டியிருந்தது. டெல்ஃபின் ஒரு மாதம் கீழே பார்த்துக்கொண்டே கடைக்குப் போய்வந்தாள். பேருந்தை எப்படி ஓட்டினாய் என்று ஊரே கேலி செய்தது. ஆனால் அந்தக் கேலியில்தான் அவனுக்கு ஓட்டு விழுந்தது. இந்தக் காலத்திலும் மாமியாருக்கு இப்படி மரியாதை தருகிறவன் ஊரை விற்க மாட்டான் என்று நினைத்தார்கள்.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். முகம் தெரியாதே தவிர அவன் வேலை அவளுக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்க, விடிவதற்குள் அவள் கதவுக்கு வெளியே விறகு பிளந்து அடுக்கியிருக்கும். எல்லாத் துண்டும் ஒரே நீளம். மான் அடித்தால் முதல் தொடை அவள் வீட்டுக்கு வரும். மருமகனைப் பற்றி யார் குறை சொன்னாலும் "அவரு அப்படிப்பட்டவரு இல்ல" என்று சண்டைக்குப் போவாள்.

வெளியே பேருந்தின் படியில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒலிபெருக்கி வழியாக அந்தக் குரல் கேட்டது. "நம்ம ரத்தத்துல இருக்கு எதிர்ப்பு! அரசாங்கத்துக்கே தலை குனியாத ஜாதி நாம! இந்தப் படம் அதை நமக்கு ஞாபகப்படுத்துது. இதைக் குடுத்த நம்ம நண்பர்களுக்கு..."

நண்பர்களுக்கு என்ற சொல்லில் குரல் வழுக்கியது. அவன் கம்பெனி பக்கம் சாய்ந்துவிட்டான் என்று அந்த இடத்திலேயே டெல்ஃபினுக்குப் புரிந்துவிட்டது. வயிற்றிலிருந்து ஒன்று கிளம்பித் தொண்டையில் வந்து நின்றது. எட்டு நாள் அது அங்கேயே நின்றது.

மறுநாள் அவள் மகள் வீட்டுச் சமையலறைக்குப் போனாள். அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டதும் ஷர்லின் உள்ளறை வாசலில் கம்பளியை இழுத்துவிட்டாள். அதற்கென்றே கம்பியில் மாட்டியிருந்த பச்சைக் கம்பளி அது. அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மேஜைமேல் கருவாலிக் கொட்டை உடைத்துக் கொட்டியிருந்தது. டெல்ஃபின் உட்கார்ந்து தோல் நீக்க ஆரம்பித்தாள்.

"ஷர்லின், உம் புருஷன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா. அவருக்குக் காது இருக்கு."

"அவரு செவ்வாக்கெழம எதுக்குக் கை தூக்கப் போறாரு?"

கம்பளிக்குப் பின்னால் இருமல். பிறகு அந்தக் குரல், மெதுவாக, மரியாதையாக வந்தது. "ஷர்லின், உங்க அம்மாகிட்ட சொல்லு. நான் நல்லா யோசிச்சுத்தான் முடிவு எடுப்பேன்."

"யோசிக்க இதுல என்ன இருக்குன்னு கேளு."

"நம்ம ஊர்ல சிறுநீரகத்துக்கு ரத்தம் சுத்தம் பண்ற மெஷின் இருக்கான்னு உங்க அம்மாகிட்ட கேளு. வாரத்துக்கு மூணு நாள் அறுபது மைல் போய்ட்டு வர்றாங்க சனங்க. கம்பெனிக்காரன் ஆஸ்பத்திரி கட்டித் தர்றேங்குறான். அந்த ஊத்துல இப்ப யாரு தண்ணி எடுக்குறா? எல்லாரும் கடையில பாட்டில்தானே வாங்குறாங்க?"

டெல்ஃபின் அடுத்த கொட்டையை எடுத்துத் தோல் நீக்கினாள். அவளுடைய அக்காவே அந்த அறுபது மைல் போய்வந்து, போய்வந்து செத்தவள். அவன் சொன்னதில் பொய் இல்லை. பொய் இல்லாததுதான் எரிச்சலாக இருந்தது.

"சரி. ஆஸ்பத்திரிக்காகத்தான்னா நான் வாயை மூடிக்கிறேன். வேற எதுவும் இல்லையான்னு கேளு."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. ஷர்லின் கழுவின குழம்புக் கரண்டியையே மறுபடி கழுவினாள்.

"என்னடி?"

"அவருக்கு அங்க ஒரு வேலை தர்றாங்களாம்மா. கம்பெனிக்கும் நமக்கும் நடுவுல பேசுற ஆள். ஆபீஸ், வண்டி எல்லாம் உண்டாம்."

"ஷர்லின்!" என்றது கம்பளி.

"அம்மாகிட்ட நான் பொய் சொல்லணுமா?" என்று மகள் கம்பளியைப் பார்த்துக் கேட்டாள்.

டெல்ஃபின் கொட்டைத்தோலைக் கையால் கூட்டிக் குப்பையில் போட்டாள். கம்பளியில் ஓர் இடத்தில் நூல் விட்டுப் போய்ச் சின்ன ஓட்டை இருந்தது. இத்தனை வருஷத்தில் அதன் வழியாகப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இன்றைக்கும் பார்க்கவில்லை. ஆனால் முதல் தடவையாக அந்த ஓட்டை அவள் கண்ணில் பட்டது.

"உம் புருஷன்கிட்ட சொல்லு," என்றாள் எழுந்துகொண்டே. "முன்ன காலத்துல அரசாங்கம் எண்ணித் தகடு மாட்டுச்சு. இவரு தானாப் போய்க் கழுத்தை நீட்டுறாரு. நம்ம டேயாவை எந்த ஊத்தங்கரையில ஆட வைக்கிறதுன்னு அந்தக் கம்பெனிக்காரன்கிட்டயே கேட்டுவைக்கச் சொல்லு."

செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு டெல்ஃபின் நேரே கவுன்சில் கட்டடத்துக்கு வந்தாள். விசேஷத்துக்குக் கட்டும் நீளப் பாவாடைச் சட்டை போட்டிருந்தாள், ஊதா நிறம். கூட்டம் பத்து மணிக்கு. ஒன்பதே காலுக்கு உள்ளே போய், ஓர் இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, அந்தப் படத்துக்கு நேர் கீழே போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

தலைவி ஐடா கோப்புகளோடு வந்தவள் ஒரு கணம் நின்றாள். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "டெல்ஃபின், பேச வந்தியா?"

"இல்ல. உக்கார வந்தேன்."

"பொதுமக்கள் உக்காரலாம். விதியில இருக்கு," என்றாள் ஐடா. அவள் முகத்தில் சிரிப்பு தெரியவில்லை, ஆனால் கோப்புகளைத் தலைகீழாக வைத்தாள்.

உறுப்பினர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். டெல்ஃபினைப் பார்த்ததும் ஒவ்வொருவர் முகமும் ஒரு மாதிரி ஆனது. கவுன்சிலில் ஷர்லின்தான் எழுத்தர், கையை எண்ணிக் குறிக்கிறவள். அம்மாவைப் பார்த்துவிட்டு அவள் பேனாவைக் கீழே போட்டாள். எட்டு நாற்காலி நிறைந்தது. ஒன்பதாவது காலி. வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது, யாரோ எதையோ சொன்னார்கள், பூட்ஸ் பின்வாங்கிப் போனது.

வேண்டாம் என்கிற பக்கத்தில் ஒருத்தர் "க்ளுக்" என்று சிரித்தார். அது பரவியது. மாமியார் உட்கார்ந்த இடத்திலிருந்தே மருமகனைத் தாழ்வாரத்தில் கட்டிப்போட்டுவிட்டாளே! ஹார்லன்கூட மீசையைத் தடவிக்கொண்டார்.

ப்ரூவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. இன்று சாயங்காலத்துக்குள் முடிவாகாவிட்டால் தங்கள் கம்பெனி வேறு இடம் பார்த்துக்கொள்ளும் என்று அவர்தான் மிரட்டிக் கடிதம் எழுதியிருந்தார். யாரோ காதில் விளக்கிச் சொல்ல, அவர் முகம் சிவந்தது. "அந்த அம்மாவைச் சற்று வெளியே அனுப்ப முடியாதா?"

வாசலில் நின்ற போலீஸ்காரன், உள்ளூர்ப் பையன், தலையை ஆட்டினான். "அவங்க பஸ்லதான் நான் பள்ளிக்கூடம் போனேன். ஒருதடவ கத்தினதுக்கே நாலு மைல் நடக்கவிட்டாங்க. நான் மாட்டேன்பா."

கூடம் சிரித்தது. டெல்ஃபின் சிரிக்கவில்லை. நாற்காலியின் இரும்பு முதுகில் குத்தியது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பத்தொன்பது வருஷம் போற்றிக் காத்த மரியாதையை எடுத்து வாசலில் முள்வேலியாகப் போட்டிருக்கிறாள். இது செய்கிற காரியமா? அம்மா உயிரோடு இருந்தால் வாயில் அடித்திருப்பாள். இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. ஓர் ஆசை அவளைப் பிடித்து வைத்திருந்தது. அவரு வர மாட்டாரு, என்று நினைத்தாள். சாக்கு கிடைச்சதுன்னு உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிருவாரு. ஆஸ்பத்திரிக்கு வேற வழி பாத்துக்கலாம். நாளைக்கி விறகு இருக்கும் வாசல்ல.

பதினொரு மணி ஆயிற்று. ப்ரூவர் தாழ்வாரத்துக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். மூன்றாவது தடவை வந்தபோது நேரே டெல்ஃபினிடம் வந்து, "மன்னிக்கவும், அம்மா" என்று பல்லைக் காட்டிவிட்டு, அவள் தலைக்கு மேலே எக்கி, சுவரில் இருந்த படத்தைக் கழற்றினார். கனமான படம். கழற்றும்போது தூசியும் சுண்ணாம்பும் அவள் தலைமேல் விழுந்தன. அவர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

என்ன நடக்கப்போகிறது என்று டெல்ஃபினுக்கு உறைக்கவில்லை. கொடுத்த பரிசைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறான் போல என்றுதான் நினைத்தாள். ஷர்லினுக்கு உறைத்துவிட்டது. "ஐயோ," என்றாள்.

வாசலில் படம் வந்தது.

முகத்துக்கு நேரே, வயிறு மறைய, படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் வந்தான். சட்டத்துக்கு மேலே தொப்பியின் நுனி. கீழே பெல்ட்டின் வெள்ளிப் பட்டை, ஜீன்ஸ், பூட்ஸ். இரண்டு பக்கமும் நாலு நாலு விரல்கள். நடுவில் இறகு வைத்த வீரர்கள் எல்லாரும் துப்பாக்கியை டெல்ஃபின் பக்கம் நீட்டிக்கொண்டு, நாற்காலி நாற்காலியாக இடித்துக்கொண்டு அவளை நோக்கி வந்தார்கள். கால் எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் தடவித் தடவி நடந்தான். ப்ரூவர் "இடது பக்கம், கொஞ்சம் இடது பக்கம்" என்று குருடனுக்கு வழி சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார்.

வீட்டில் கம்பளி தொங்குகிறதே, அதே மாதிரிதானாம் இது. நடுவில் ஒரு மறைப்பு இருந்தால் போதும் அல்லவா? மாமியாரைப் பார்க்கவில்லை, வழக்கத்தை மீறவில்லை. அப்படி யோசித்திருக்கிறான் பாவி.

ஒன்பதாவது நாற்காலியின் பக்கத்தில் வந்து நின்றான். உட்கார்ந்தால் படம் இறங்கிவிடும் என்பதால் நின்றான்.

ஐடா கோப்புகளை நேராகத் திருப்பி வைத்தாள். "வாக்கெடுப்பு. கெணறு தோண்ட அனுமதி குடுக்கலாங்குறவங்க கை தூக்குங்க."

நாலு கைகள் எழுந்தன. படத்துக்குப் பின்னாலிருந்து "சரி" என்றது குரல்.

"வாயால சொன்னா செல்லாது. கை வேணும்."

படம் ஆடியது. ஒரு கையை எடுத்தால் அந்தப் பக்கம் சரிந்தது. எட்டு ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அப்போது ப்ரூவர் ஓடி வந்து படத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். "நான் பிடித்துக்கொள்கிறேன், நண்பரே. நீங்கள் தாராளமாகத் தூக்குங்கள்."

ஒரு பக்கம் கம்பெனிக்காரனின் வெள்ளை விரல்கள், மறுபக்கம் மருமகனின் விரல்கள். அரசாங்கத்தை எதிர்க்கும் அப்பாச்சிகளை இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, சட்டத்துக்கு மேலே ஒரு கை எழுந்தது. அந்தக் கட்டைவிரலில் வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் டெல்ஃபினுக்கு விறகு பிளக்கும்போது கோடாலி பட்ட தழும்பு. கேள்விப்பட்டிருந்தாள், கண்ணால் பார்த்தது இன்றைக்குத்தான்.

எட்டு நாளாகத் தொண்டையில் நின்றது வாய்வரை வந்துவிட்டது. அவள் சால்வை நுனியை வாயில் அழுத்திக்கொண்டாள். கண்ணாடியில் அவள் முகமே தெரிந்தது, அந்த வான்கோழித் தலையர்களுக்கு நடுவில், கலங்கலாக. மூலையில் அந்தப் பெண் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரைந்தவனுக்குச் சோம்பல் இல்லை என்று டெல்ஃபினுக்கு இப்போது தோன்றியது. அந்தப் பெண் இந்த மாதிரி ஒன்றைப் பார்க்கச் சகிக்காமல்தான் திரும்பி உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அஞ்சு," என்றாள் ஷர்லின். எழுத்தர் அவள்தான், எண்ணியாக வேண்டும். கணவனின் கையை எண்ணிச் சொன்ன அந்தக் குரலில் உயிர் இல்லை.

"எழுதாத," என்றார் ஹார்லன்.

எல்லாரும் திரும்பினார்கள். கிழவர் தன் கையைக் கீழே இறக்கி, தொடையில் துடைத்துக்கொண்டார்.

"ஹார்லன், நீங்க சரின்னு..." என்றாள் ஐடா.

"நான் விக்கிறவன்தான். எனக்கு ரோடு வேணும். ஊருக்கே தெரியும், என் மூஞ்சியக் காட்டித்தான் கேட்டேன்." அவர் படத்தைச் சுட்டிக் காட்டினார். "ஆனா இந்தக் கண்றாவிக்குப் பக்கத்துல என் கை நிக்காது. சீ! எழுதும்மா, நாலு."

நாலுக்கு ஐந்து. கிணறு இல்லை. ப்ரூவர் படத்தை விட்டுவிட்டு ஏதோ சட்டம் பேச ஐடாவிடம் ஓடினார். படம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அது இறங்குவதற்குள் டெல்ஃபின் தலையைக் குனிந்துகொண்டு பக்கவாசல் வழியாக வெளியேறினாள். ஜெயித்தவள் போல இல்லை அவள் நடை. பேருந்தின் பின்சக்கரத்துப் பக்கம் போய், குனிந்து, வாந்தி எடுத்தாள்.

சாயங்காலம் பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டு, வழக்கமான வளைவில் வழக்கம்போல இரண்டு தடவை ஹாரன் அடித்தாள். அடித்த பிறகுதான் ஷர்லின் வீட்டு வாசலைப் பார்த்தாள். வெளியே, படிக்குக் கீழே, அவனுடைய சேணம் கிடந்தது. பக்கத்தில் பூட்ஸ், துப்பாக்கிப் பை, துணி அடைத்த இரண்டு பெட்டிகள், மிச்சம் இருந்த தேர்தல் சுவரொட்டிக் கட்டு. பெண்டாட்டி சேணத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது. கல்யாணம் அதோடு முறிந்தது.

அவன் அவற்றைத் தன் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஹாரன் சத்தம் கேட்டுப் பழக்கத்தில் ஓடப் பார்த்து, எங்கே ஓடுவது என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டான். பேருந்திலிருந்து இறங்கிய டெல்ஃபினும் பழக்கத்தில் திரும்பி நின்றாள்.

வாசற்படியில் நின்ற ஷர்லினின் கண் வீங்கியிருந்தது. "மூஞ்சியத் திருப்பிக்காதம்மா. பாரு. இனிமே பாக்கலாம். அவரு உனக்கு ஒண்ணும் இல்ல."

டெல்ஃபின் திரும்பினாள். கை ஓய்ந்ததோ என்னவோ, தொப்பி இறங்கியது.

முகம் ஒன்றும் பெரிதாக இல்லை. வியர்த்த, நாற்பத்தைந்து வயது ஆணின் முகம். மூக்கு சப்பைதான். இடது புருவம் டேயாவின் புருவம் மாதிரியே நடுவில் முறிந்திருந்தது. இந்த முகத்தையா பத்தொன்பது வருஷம் பார்க்காமல் பொத்திப் பொத்தி வைத்தேன் என்று இருந்தது அவளுக்கு. திட்ட நினைத்தது எல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று. துப்பக்கூட வரவில்லை.

அவன் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "ஷர்லின்," என்றான். "உங்க அம்மாகிட்ட சொல்லு. கொட்டகைக்குப் பின்னால விறகு பொளந்து வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழமயே முடிச்சிட்டேன். குளிர்காலம் பூரா வரும்."

"நீயே சொல்லு. அதான் பாத்துட்டாங்களே."

அவன் திரும்பிக்கொண்டான். சேணத்தைத் தூக்கி லாரியின் பின்னால் போட்டான். அங்கே ஏற்கெனவே அந்தப் படம் மல்லாந்து கிடந்தது. கம்பெனிக்காரனுக்கு இனி அது தேவைப்படவில்லை, கவுன்சிலில் அதை மறுபடி மாட்ட யாரும் ஒப்பவில்லை, அவன் தலையில் கட்டிவிட்டார்கள். கண்ணாடியில் சாயங்கால வானம் தெரிந்தது. லாரி போய்விட்டது.

அடுத்த ஜூலையில் டேயா ஊற்றங்கரையில் நாலு நாளும் ஆடினாள். அதற்கு முன்னால் ஒரு குளிர்காலம் போக வேண்டியிருந்தது. அந்த விறகைத் தொடக்கூடாது என்றுதான் டெல்ஃபின் நவம்பர் வரை பிடிவாதமாக இருந்தாள். முதல் பனி விழுந்த அன்று முழங்கால் வலி தாங்காமல் போய் எடுத்து வந்தாள். எல்லாத் துண்டும் ஒரே நீளம், நன்றாகக் காய்ந்த கருவாலி. புகையவில்லை, வெடிக்கவில்லை, மார்ச் வரை நின்று எரிந்தது. அதற்கு முன் எந்த வருஷமும் அவள் வீடு அத்தனை கதகதப்பாக இருந்ததில்லை. அடுப்புக்கு முன்னால் கையை நீட்டிக் குளிர் காயும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டியது.